ஒரு நாள் திறந்த குழந்தைகள் அறை

என் பெயர் ஜொஹுரா பேகம். வயது இருபத்தேழு. காஜிப்பூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்கிறேன். அதன் பக்கத்துச் சந்தில் வாடகை அறையில் குடியிருக்கிறேன். போலீஸ் ஐயா, கணவர் பெயர் கேட்டீர்கள். விட்டுப் போனவர் பெயர் இதில் வேண்டாம். இறந்து போன துலி, வயது ஐந்து, என் ஒரே மகள்.

நாங்கள் தைப்பது ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட பனியன். தொழிலாளரை நியாயமாக நடத்தும் இடத்தில்தான் வாங்குவோம் என்பது அவர்கள் விதி. அதைப் பார்த்துப் போக அங்கிருந்து ஆள் வருவதுண்டு. அன்றைக்கு மட்டும் கீழ்த்தளத்தில் குழந்தைகள் அறையைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் அதில் நூல் பெட்டிகள் கிடக்கும்.

சென்ற திங்கட்கிழமை மேற்பார்வையாளர் மொக்லெஸ் என்னிடம், "நாளைக்கு உன் பொண்ணைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வா. ரூமு காலியா கெடந்தா ஆர்டர் போயிடும், அப்புறம் நீயும் நானும் தெருவுலதான்" என்றார். அதன்படி செவ்வாய்க்கிழமை அழைத்துப் போனேன். பாய், பொம்மை, பால் எல்லாம் இருந்தன. பல்கலைக்கழகத்து அம்மாள் துலி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். மொக்லெஸ் துலியின் தலையைத் தடவி, "இவ தினமும் இங்கதான் விளையாடுவா" என்று எங்கள் மொழியில் சொல்ல, கூட வந்தவர் அதை அந்த அம்மாளுக்கு மொழிபெயர்த்தார். துலியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புதன்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது துலி தானே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னைக்கு இல்லடி" என்றேன். "அந்த மாமா தினமும்னாரே" என்றாள். நேரமாகிவிட்டதால், "வாய மூடிட்டு இரு" என்று சொல்லி, வழக்கம்போல் பக்கத்து அறை ரொகெயாவிடம் விட்டு ஓடினேன். என் குழந்தையிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதன் பிறகு நடந்தது பிறர் சொல்லித் தெரியும். ரொகெயா குழாயடிக்குப் போன நேரத்தில் துலி தனியாகத் தொழிற்சாலை வாசலுக்கு வந்திருக்கிறாள். காவலாளி, "இன்னைக்கு ரூமு கிடையாது பாப்பா, வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அதன் பிறகு அவள் அந்த அறையைச் சன்னல் வழியாகப் பார்க்கப் பின்பக்கம் போயிருக்கிறாள். அங்கே ஓடும் சாயக் கழிவுக் கால்வாய்க்குத் தடுப்பு இல்லை. சாப்பாட்டு மணிக்கு நான் வெளியே வந்தபோது அவளைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். எவ்வளவு கழுவியும் நகங்களிலிருந்து நீலம் போகவில்லை.

யார் மீதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டீர்கள். யாரும் தள்ளிவிடவில்லை. ஆனால் குழந்தை வழி தவறிப் போய் விழுந்துவிட்டது என்று நிர்வாகம் சொல்வதாகச் சொன்னீர்கள். அப்படி எழுத வேண்டாம் ஐயா. என் மகள் வழி தவறவில்லை. ஒரே ஒரு நாள் பார்த்த இடத்துக்கு யாரையும் கேட்காமல் சரியாகத்தான் போயிருக்கிறாள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜொஹுரா பேகம்