காற்று வாங்கப் போகிறோம்

— மெதுவாப் பேசுளா கலை. அந்த பெஞ்சுக்காரவ திரும்பிப் பாக்காவ.

— ஹேங்கிங் கார்டன்லயும் மெதுவாவா? மாஹிம்ல ட்ரெயின் ஏறி, கிராண்ட் ரோடுல இறங்கி, பஸ் பிடிச்சு இந்த மலை மேல வந்தது மெதுவாப் பேசத்தானா? அதுக்கு தாராவியிலயே இருந்திருக்கலாமே.

— பழகிப்போச்சுளா. மூணு வருசமா ஒரே ரூம்புல, அம்மா படுத்திருக்கிற பாய்க்குப் பக்கத்துலயே நாமளும் படுத்துக் கெடந்தா வேற எப்படி வரும்? எனக்கு இப்ப குசுகுசுன்னுதான் வருது.

— எனக்குத் தொண்டையே சின்னதாப் போச்சு. லேப்ல பேஷன்ட் பேரைக் கூப்பிட்டா, என்ன கலைச்செல்வி, ரகசியம் சொல்றியான்னு டாக்டர் மேடம் கேக்குறாங்க. சரி, பேச்சை மாத்தாதீங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போய் அத்தைகிட்ட சொல்றீங்களா, இல்லையா?

— சொல்லுதேன்.

— எப்ப?

— சொல்லுதேம்லா. மொதல்ல செத்த உக்காரு. கடலப் பாரு, வெயிலு எறங்குதது எம்புட்டு அழகா இருக்கு.

— கடல் எங்கயும் போகாது. பரீத் பாய்தான் போயிடுவாரு. இருட்டுறதுக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு சொல்லிட்டாரு. அவரோட அந்த கோவண்டி ரூமுக்கு வாடகைக்கு வர இன்னொரு ஃபேமிலி ரெடியா நிக்குது.

— அதான் சாவியவே நம்ம கையில குடுத்திருக்காரே.

— எதுக்குக் குடுத்தாரு? வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அவங்க சரின்னா நமக்கும் சரின்னு குடுத்தாரு. வெள்ளிக்கிழமை வாங்கின சாவி. நீங்க பெரியவங்ககிட்ட வாயே திறக்கல.

— சாவி பத்திரமா இருக்குல்லா?

— பக்கா பத்திரம். நம்ம வீட்ல யாரும் கை வைக்காத இடத்துல இருக்கு.

— நம்ம வீட்ல அப்படி ஒரு எடமா?

— தேடிக் கண்டுபிடிச்சேன்ல. டென்ஷன் ஆகாதீங்க.

— டென்ஷன் ஆகாம என்ன செய்ய? நேத்துலேருந்து அம்மா சரியில்ல, கவனிச்சியா?

— கவனிச்சேன். சுப்சாப், ஒரு பேச்சு இல்லாம உக்காந்து அந்தப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் வேலை முடிஞ்சு வந்தப்பவும் தேய்ச்சிட்டு இருந்தாங்க. அத்தைக்குக் கோவம் வந்தா பாத்திரந்தானே மாட்டும்.

— அந்தக் குடம் பரண் மேல வருசக்கணக்காக் கெடந்ததுளா. அத எதுக்கு எறக்குனா? ராத்திரி சாப்பிடவும் இல்ல. பசிக்கலன்னுட்டா.

— கிளம்பும்போது என்ன சொன்னாங்க?

— நான் எப்பவும் சொல்லுததத்தான் சொன்னேன். நானும் கலையும் காத்து வாங்கிட்டு வாரோம்னேன்.

— அதுக்கு?

— நல்லா வாங்கிட்டு வாங்கன்னா. சிரிக்கல. இந்தப் பைய கையில குடுத்து, வழியில பிரிக்காதீங்க, அங்க போயி பசிச்சா பிரிங்கன்னா.

— என்ன கனம் கனக்குது. ரெண்டு பேருக்குக் குடுத்திருக்காங்களா, பந்திக்குக் குடுத்திருக்காங்களா?

— அப்பா காத்து வாங்கப் போவோம்னா ஏதோ பேசப் போறாருன்னு அம்மைக்குத் தெரியுமாம். எனக்குச் சின்னப்புள்ளையில சொல்லியிருக்கா. அவங்களும் அந்த ஒத்த ரூம்புலதானளா குடும்பம் நடத்துனாவ.

— அப்ப நாம காத்து வாங்கப் போறோம்னு சொன்னா மட்டும் அவங்களுக்குப் புரியாதா?

— பேசப் போறோம்னு தெரியும். என்ன பேசுதோம்னு தெரியாதுல்லா.

— ஏ பாய், காஸ் பே மத் பைட்டோ. உதர் பென்ச் பே ஜாவ்.

— ஹாங் பாய், உட்தா ஹூன். எந்திரிளா, வாட்ச்மேன் புல்லுல உக்காரக் கூடாதுங்கான். அந்த பெஞ்சுக்குப் போவோம்.

— பாத்தீங்களா, இங்கயும் நமக்கு ஒரு இடம் நிலையா இல்ல. முதல்ல ஃபைவ் கார்டன்ஸ் போனோம். நான் உங்க தோள்ல சாஞ்சதை உங்கம்மா கூட்டாளி யாரோ பாத்துட்டுப் போய்ச் சொல்லிட்டாங்க. வொர்லி கடற்கரைக்குப் போனா காத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கல. கடைசில இந்த மலைதான் நமக்கு பெட்ரூம்.

— வாய மூடுளா, ஆளு இருக்கு.

— அவங்க குஜராத்திக்காரங்க, தமிழ் தெரியாது. நான் இங்கதான் சத்தமாப் பேசுவேன். அந்த யானை மாதிரி வெட்டி வச்சிருக்காங்களே செடி, அது ஞாபகம் இருக்கா?

— அத எதுக்கு இப்ப எடுக்க?

— ரெண்டாம் மாசமே கரு கலைஞ்சு போச்சே, அன்னைக்கு நான் எங்க வந்து அழுதேன்? வீட்ல அழ முடிஞ்சுதா? சுவருக்கு அந்தப் பக்கம் சாதனா வீடு, இந்தப் பக்கம் டெய்லர் கடை. ஆஸ்பத்திரிலேருந்து வந்து துணி துவைச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க இங்க கூட்டிட்டு வந்தீங்க. அந்த யானைக்குப் பின்னால நின்னுதான் அழுதேன். அப்பவும் ஒரு சின்னப்பொண்ணு வந்து, ஆன்ட்டிக்கு என்ன ஆச்சுன்னு அவங்கம்மாகிட்ட கேட்டுது.

— கலை.

— எனக்குப் பெரிய வீடு வேணாங்க. எதிர் பார்க்குல பூட்ஸ் மாதிரி ஒரு வீடு கட்டி வச்சிருக்காங்களே, அவ்வளவு இருந்தாப் போதும். சாத்துறதுக்கு ஒரு கதவு வேணும், அவ்வளவுதான். அதுக்கு உள்ள நான் அழுவேன், சிரிப்பேன், உங்ககூட சண்டை போடுவேன். மூணு வருசத்துல உங்ககூட ஒரு சண்டைகூட முழுசாப் போடல, தெரியுமா?

— தெரியும்ளா. எனக்கும் அந்த ஆசை உண்டு.

— அப்ப ஏன் பயப்படுறீங்க?

— பூலோகம் அண்ணன் விரார்ல வீடு பாத்துக்கிட்டுப் போனான்லா, அப்ப நீ இந்த வீட்டுக்கு வரல. அம்மா மூணு நாளு யாருகிட்டயும் பேசல. அவன் வாசல்ல நின்னுக்கிட்டு, எம்மா, புது வீட்டுக்கு மொதல்ல உப்பும் மஞ்சளுந்தான் போகணும், உன் கையால எடுத்துக் குடுமான்னு கேக்கான். இவ சுவத்தப் பாத்து உக்காந்திருக்கா. திரும்பவே இல்ல. கடைசில மதினி நாடார் கடையில வாங்கிட்டுப் போனா.

— ஐயோ.

— இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுப் படிய மிதிக்கல. அண்ணனுக்குப் பிள்ளை பொறந்தப்ப ஆஸ்பத்திரியில போயிப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டா. பெத்த தாய் கையால உப்பு மஞ்சள் வாங்காம குடிபோன வீட்டுல வெளங்குமான்னு மதினி இன்னமும் அழுதா. அண்ணன் போன மாதிரி நானும் போனேன்னா அம்மாவுக்கு யாரு இருக்கா சொல்லு?

— இதை ஏன் எங்கிட்ட இத்தனை நாள் சொல்லல?

— எங்க வச்சுச் சொல்ல? அந்த ரூம்புலயா?

— சரிதான். ஆனா அத்தையை நாம விட்டுட்டா போறோம்? கூட வாங்கன்னா தாராவியை விட்டு வர மாட்டாங்க. கோயிலு, கூட்டாளிங்க, எல்லாம் அங்கதான். நான் தினம் வேலை முடிஞ்சு அவங்களைப் பாத்துட்டு வரேன். கோவண்டி என்ன துபாயா?

— இத நீ எனக்குச் சொல்லுத. நான் அவகிட்டச் சொல்லணும்லா.

— சரி, இப்பவே சொல்லிப் பாருங்க. நான்தான் அத்தைன்னு வச்சுக்குங்க. கால் நீட்டி உக்காந்து வெத்தலை போடுறேன். ம், ஆரம்பிங்க.

— எம்மா.

— என்னடே?

— சாப்ட்டியா?

— அட, அதை விடுங்க. விஷயத்துக்கு வாங்க.

— எம்மா, நானும் கலையும்… இல்ல, கலை எதுவும் சொல்லல. நாந்தான். நான் ஒரு ரூம்பு… காலு வலிக்காம்மா?

— உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

— நீயே மூஞ்சிய அம்மா மாதிரி வச்சிருக்க. பெறவு எனக்கு எங்க வாய் வரும்?

— வெறும் வயித்துல வேற இருக்கீங்க. ரெண்டு இட்லி சாப்பிடுங்க, தைரியம் வரும். பையைக் குடுங்க. மேல இருக்கிறது இட்லி டப்பா. இந்தாங்க.

— ம். பஞ்சு மாதிரி இருக்கு. இது கடை மாவு இல்லயே.

— கடை மாவுதான். மூட்டு வலி வந்ததுலேருந்து அத்தை பாக்கெட் மாவுதானே வாங்குறாங்க.

— எங்கம்மை அரைக்க மாவு எனக்குத் தெரியாதா? வெந்தயம் போட்டிருக்கா. நேத்து நாம வேலைக்குப் போன பெறவு ஊறப்போட்டு ஆட்டியிருக்கா. நீயும் சாப்பிடு.

— எந்த அரிசில?

— என்னது?

— எந்த அரிசியை ஊறப்போட்டிருப்பாங்கன்னு கேக்குறேன்.

— ரேசன் அரிசிதான். இட்லிக்கு வேற எத போடுவா? என்னளா, மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?

— சாவியை அந்த ரேசன் அரிசி டப்பாவுலதாங்க வச்சேன்.

— ஏளா.

— யாருமே அதைத் திறக்கிறதில்லையே. மாவு கடையில வருது, சோத்துக்கு வேற அரிசி. மாசக்கணக்கா மூடியே கிடக்குன்னுதான் வச்சேன். அரிசிக்குள்ள கையை விட்டு ஆழமா அமுக்கி வச்சேங்க.

— அப்ப நேத்து காலையிலயே அவ கையில தட்டுப்பட்டிருக்கு.

— நம்ம பூட்டுச் சாவின்னு நினைச்சிருக்கலாம்.

— பரீத் பாய் அதுல கோவண்டின்னு தமிழ்ல எழுதி அட்டை கட்டியிருந்தாருல்லா. அம்மா எழுத்துக்கூட்டி வாசிச்சிருவா. அதான் பேசல. அதான் ராத்திரி சாப்பிடல. நாமளாச் சொல்லுமுன்ன அரிசி டப்பா சொல்லிட்டுது. திருட்டுப்பய மாதிரி ஆக்கிட்டியே கலை என்னய.

— நான் வேணும்னா பண்ணினேன்? அந்த வீட்ல ஒரு சாவி ஒளிக்கிறதுக்கு எனக்கு இடம் இருந்துதா?

— அண்ணனாவது நேருக்கு நேரா சொல்லிட்டுப் போனான். நான் அதுகூடச் செய்யல. இவ மனசு என்ன பாடு பட்டிருக்கும். அப்படியும் மாவாட்டி, அவிச்சு, பையில வச்சுக் குடுத்து விட்டிருக்கா. இந்தா, டப்பாவ மூடு. போனக் குடு.

— யாருக்கு?

— பரீத் பாய்க்கு. ரூம்பு வேண்டாம்னு சொல்லிருதேன். வீட்டுக்குப் போயி அம்மா கால்ல விழுதேன்.

— சொல்லுங்க. தாராளமாச் சொல்லுங்க. நான் இன்னும் எத்தனை வருசம் ஆனாலும் குசுகுசுன்னே பேசிக்கிறேன். அழணும்னா யானை இருக்கு.

— அழாதளா. ரிங் போவுது. தண்ணிய எடு, நாக்கு ஒட்டுது.

— பைக்கு அடியில இருக்கும். இருங்க, எடுக்கிறேன்.

— ஹலோ, பாய்? மாரிசெல்வம் பேசுதேன். ஆமா, முடிவு சொல்லத்தான் கூப்பிட்டேன். அது வந்து பாய், எங்க வீட்ல பெரியவங்க…

— இருங்க. சொல்லாதீங்க.

— பாய், ஒரு நிமிசம் லைன்ல இருங்க. என்னளா?

— டப்பாவுக்கு அடியில ஒரு முடிச்சு. புது ரவிக்கைத் துணில கட்டி வச்சிருக்காங்க.

— இட்லிப் பொடியா இருக்கும். பெறவு பாத்துக்கிடலாம்.

— பொடி இல்லங்க. கல்லுப்பு. கூட மஞ்சக் கிழங்கு. நடுவுல நம்ம சாவி.