சுண்டைக்காய் வேரில் கத்திரி

“கத்திரிச் செடிய சுண்டக்கா வேருல ஒட்ட வெச்சிட்டேன்ப்பா.”

மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் பள்ளிச் சீருடையோடு இருந்த பெண் இப்படிச் சொன்னாள். பள்ளியில் நர்சரி பார்க்கக் கூட்டிப் போயிருந்தார்களாம். அவள் மடியில் நாற்றுத் தட்டு இருந்தது. பக்கத்தில் அவள் அப்பா.

“இதுக்குன்னே காலேஜ் இருக்குதுப்பா. நாலு வருசம். முடிச்சா ஆபீசராவலாம், இல்ல நாமளே நர்சரி வெக்கலாம்.”

“பேசாம நர்சிங்குக்கு எழுதிப் போடு. செடி நட எனக்குத் தெரியாதா?”

“நம்ம தோட்டத்துல கத்திரி வாடிச் சாவுதே! சுண்டக்கா வேருன்னா அந்த நோய் சுலபமா அண்டாது. சரி, இத எப்பிடி நடுவீங்க, சொல்லுங்க.”

“எப்பவும் போலத்தான். நட்டுட்டு தண்டு மூடறாப்ல மண்ண அணைப்பேன்.”

“போச்சு! இந்த ஒட்டு மண்ணுக்குள்ள போனா கத்திரி தனியா வேர் வுட்டுடும். அப்பறம் பழையபடி வாடல்தான்.”

அவர் ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பாலக்கோட்டில் இறங்கும்போது கண்டக்டர் கேட்டார். “பாப்பா என்ன படிக்குதுங்க?”

“பிளஸ் டூ,” என்றாள் அவள்.

“அடுத்து தோட்டக்கலைங்க,” என்றார் அப்பா, தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டே.