கலியாண பஸ்ஸை இழுத்த மெட்டில்டா

பெயர்: நல்லையா சந்திரவதனா
வயது: 58
தொழில்: பஸ் டிப்போவில் டீசல் மெக்கானிக்
முகவரி: குட்மேய்ஸ், லண்டன் (வீட்டிலக்கம் தனித்தாளில் உள்ளது)
நாள்: 2025 ஜூலை 9, புதன்கிழமை
மொழி: தமிழ். எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர் சுந்தரராஜன்

நான் மேற்படி முகவரியில் பத்தொன்பது வருடங்களாக வசித்து வருகிறேன். 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக இந்நாட்டுக்கு வந்தேன். எனக்கு ஆங்கிலம் பேசவும் எழுதவும் தெரியும். ஆனாலும் இந்த விடயத்தைத் தமிழில் சொன்னால்தான் எதையும் விடாமல் சொல்ல முடியும் என்று நான் கேட்டதன் பேரில் இது தமிழில் எழுதப்படுகிறது. நான் எதுவும் சொல்லக் கட்டாயமில்லை என்றும், சொல்வது நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம் என்றும் பொலிஸ் அதிகாரி எனக்கு விளக்கினார். விளங்கிக்கொண்டேன். சொல்ல விரும்புகிறேன்.

2021ஆம் ஆண்டு பீற்றர் ஹாலம் என்ற ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர் எங்கள் டிப்போவுக்கு வந்து, பழைய பஸ் எஞ்சின் இரண்டைத் திறந்து திருத்தத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்தார். அந்த ரக எஞ்சினில் வேலை பழகிய ஒருவரிடம் நான் வேலை பழகியிருந்தபடியால், அடுத்த சனிக்கிழமை அவருடைய கொட்டகைக்குப் போனேன். எஞ்சின்கள் இரண்டும் வாசலில் மரக்கட்டைகள் மேல் இருந்தன. மூன்று சனிக்கிழமைகள் அங்கேயே வேலை செய்தேன். நான்காவது கிழமை பீற்றர் கொட்டகைக்குள் மூடிக் கிடந்த தார்ப்பாயை இழுத்து, அந்த எஞ்சின்கள் எதற்குள் போகப்போகின்றன என்று காட்டினார். அது ஒரு டாங்கி. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், வீட்டுக்கு நடந்தேன்.

1987 ஒக்ரோபரில் கொக்குவிலில் எங்கள் வீட்டுக் குறுகிய ஒழுங்கைக்குள் இந்திய இராணுவத்தின் டாங்கி ஒன்று வந்தது. அப்போது எனக்கு இருபது வயது. நாங்கள் ஏழு பேர் குசினியில் அடுப்படி நிலத்தில் படுத்திருந்தோம். அதுபற்றி இந்த விசாரணைக்குத் தேவையானது இவ்வளவுதான்.

அதன் பின்னர் வந்த சனிக்கிழமை நான் கொட்டகைக்குத் திரும்பிப் போனேன். ஏன் போனீர்கள் என்று அதிகாரி கேட்டார். எஞ்சின்கள் இரண்டும் திறந்தபடி கிடந்தன. வேலையை அப்படி அரைகுறையாக விட்டுவிட்டு இருக்க எனக்கு வராது.

டாங்கியைப் பற்றி அதிகாரி கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதன் பெயர் மெட்டில்டா. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே பிரித்தானியாவில் வரையப்பட்டது. காலாட்படையோடு கூடப் போவதற்கென்றே செய்தபடியால் வேகம் தேவைப்படவில்லை, கவசம்தான் தேவைப்பட்டது. முன்பக்கத் தகடு மூன்று அங்குலத் தடிப்பு. இவ்வளவு பாரத்தை இழுக்கத் தோதான பெரிய எஞ்சின் கைவசம் இல்லாததால் இரண்டு பஸ் டீசல் எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தண்டோடு பூட்டினார்கள். ஒன்று நின்றாலும் மற்றது இழுக்கும். 1940இல் பிரான்சிலும், அந்த வருடக் கடைசியில் லிபியப் பாலைவனத்தின் எல்லையிலும் எதிரியின் சாதாரணப் பீரங்கிகளால் இதைத் துளைக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஜெர்மன்காரர் விமான எதிர்ப்புப் பீரங்கியை நிலமட்டத்துக்குச் சாய்த்து வைத்துத் துளைத்தார்கள். பிறகு பாலைவனத்தில் இதற்கு வேலை குறைந்துவிட்டது. ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் மட்டும் பசிபிக் காடுகளில் போர் முடியும்வரை வைத்திருந்தார்கள். எங்களுடையது போருக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையில் மரக்குற்றி இழுத்தது. இப்போது அதிலிருக்கும் பீரங்கிக் குழல் வெறும் குழாய். சுட முடியாது.

2025 ஜூலை 6ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஒரு பூங்காவில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக டாங்கியை லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். பீற்றரும், டாங்கியைத் திருத்திய எங்கள் சிறு குழுவில் உள்ள இளங்கோவன் என்ற மலேசியத் தமிழரும், நானும், வாடகை லொறியின் சாரதியும் இருந்தோம். வீதியில் டாங்கி ஓட்ட லைசென்ஸ் உள்ளவர் பீற்றர் ஒருவர்தான். அவருக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தது. பூங்காவுக்குள் லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அங்கே நான் ஓட்டுவதாக ஏற்பாடு. காலை எட்டு மணி தொடங்கி மழை கொட்டியது. குட்மேய்ஸிலிருந்து சற்றுத் தள்ளி, ரெயில் பாலத்தின் கீழாக இறங்கி ஏறும் வீதியில் வெள்ளம் நின்றதால் மேட்டிலேயே லொறியை நிறுத்தினோம்.

பத்து மணி ஐந்து நிமிடமளவில் டொலறஸ் எனக்கு போன் எடுத்தார். டொலறஸ் முன்பு எங்கள் டிப்போவில் பஸ் ஓட்டியவர், இப்போது வாடகை பஸ் ஓட்டுகிறார், என் சிநேகிதி.

“சந்திரா, நான் தண்ணிக்குள்ளை நிக்கிறன். எஞ்சின் நிண்டு போச்சு. கலியாணச் சனம் முப்பத்தாறு பேர். மாப்பிள்ளையும் உள்ளுக்கைதான்” என்றார்.

“பயர் பிரிகேட்டுக்கு அடிச்சனியோ?”

“ஒண்டரை மணித்தியாலம் ஆகுமாம். எல்லா இடமும் வெள்ளமாம். பதினொண்டு இருபத்தினாலோடை முகூர்த்தம் முடியுது. நீ எங்கை?”

எந்தப் பாலம் என்று கேட்டேன். அவர் சொன்னது என் கண்முன்னால் இருந்த பாலம். மழைக்குள் உற்றுப் பார்த்தபோது பஸ்ஸின் மஞ்சள் விளக்குகள் தெரிந்தன.

“உனக்கு முன்னாலைதான். டாங்கியோடை நிக்கிறன்.”

டொலறஸ், “உன்ரை அந்தச் சனியன் இழுக்குமோ?” என்று கேட்டார்.

“ரெண்டும் பஸ் எஞ்சின்தானே” என்றேன்.

தண்ணீர் பஸ்ஸின் இரண்டாவது படிவரை ஏறியிருந்தது. கைக்குழந்தைகள் நான்கு, ஊன்றுதடியோடு வந்தவர்கள் ஐந்து பேர். தண்ணீருக்கு அடியில் சாக்கடை மூடி கழன்றிருக்கக்கூடும் என்பதால் யாரையும் இறக்கி நடத்த டொலறஸ் சம்மதிக்கவில்லை. அது சரியான முடிவு. நான் பீற்றரிடம் விடயத்தைச் சொன்னேன்.

“சட்டப்படி நான் உன்னை மறிக்க வேண்டும். மறித்துவிட்டேன். குறித்துக்கொள்” என்றார் பீற்றர். அதன் பின்னர் லொறியின் பின்பக்கம் போய், ஒற்றைக் கையால் சரிவுப் பலகையின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினார்.

டாங்கியை எடுக்குமுன் நான் பாலத்தின் கீழ் ஓரமாக உள்ள உயர்ந்த நடைபாதையில் கம்பியைப் பிடித்தபடி பஸ்ஸுக்கு நேரே போனேன். தண்ணீர் எனக்கு முழங்காலுக்கு மேல் இருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்தவர்களிடம் தமிழில் உரக்கச் சொன்னேன்: “இப்ப ஒரு டாங்கி வரும். பெரிய சத்தமாயிருக்கும். ஒருத்தரும் பயப்பிடாதையுங்கோ, அதை ஓட்டுறது நான்தான்.” மாப்பிள்ளையின் தாயார் முன் இருக்கையில் இருந்தார். அவருடைய பெயர் தவமணி என்று பின்னர் அறிந்தேன். “பிள்ளை, என்ன வரும் எண்டு சொன்னனீர்?” என்று அவர் கேட்டார். நான் திரும்பவும் சொன்னேன். அவர் பட்டுச்சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார்.

அதன் பின்னர் நான் டாங்கிக்குள் ஏறி எஞ்சின்களை ஒவ்வொன்றாக இயக்கினேன். இளங்கோவன் மேலே பீரங்கி பொருத்திய கோபுரத்துக்குள் நின்று எனக்கு வழி சொன்னார். டாங்கியைப் பின்பக்கமாகவே தண்ணீருக்குள் இறக்கினேன். இழுப்பதற்கு அதுதான் வசதி. பீரங்கிக் குழல் அந்தச் சனத்தின் பக்கம் பாராமல் இருக்கும் என்பதும் ஒரு காரணம். இறக்கும்போது வீதி நடுவிலிருந்த பிளாஸ்ரிக் தடைக்கம்பம் ஒன்று நசுங்கியது. அது என்னால்தான் நடந்தது. இளங்கோவன் “அக்கா, லெப்ட்லா, லெப்ட்!” என்று கத்தியும் நான் வலப்பக்கம் திருப்பும் நெம்புகோலை இழுத்துவிட்டேன்.

இழுவைக் கொளுவியைப் பஸ்ஸின் முன் தகட்டில் எந்த மூடிக்குள் பூட்ட வேண்டும் என்பது டொலறஸுக்குத் தெரியும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று பூட்டினார். இளங்கோவன் உருக்குக் கயிற்றைக் கொளுவினார். நான் முதலாம் கியரில் மெதுவாக எடுத்தேன். கயிறு இறுகியது, பஸ் அசைந்தது. ஆறேழு அடி வந்ததும் வலப்பக்க எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. ஆனால் இடப்பக்க எஞ்சினின் சத்தம் மாறவில்லை. அந்த எஞ்சினின் ஒவ்வொரு வால்வையும் நான் என் கையால் தேய்த்துப் பொருத்தியிருக்கிறேன். அதன் மேல் நம்பிக்கை வைத்து மிதியை விடாமல் அழுத்தினேன். பத்து மணி ஐம்பது நிமிடமளவில் பஸ்ஸின் பின்சில்லும் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. உள்ளே இருந்தவர்கள் கைதட்டியது எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

பஸ் இனி ஓடாது. மண்டபம் அங்கிருந்து அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. மழை விட்டிருந்தது. முதியவர்களையும் குழந்தைகளையும் பஸ்ஸிலேயே இருத்தி, அப்படியே இழுத்துக்கொண்டு போவதென்று நான்தான் தீர்மானித்தேன். மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். மாப்பிள்ளை தர்சிகனின் வேட்டி நனையக் கூடாது என்று டொலறஸ் அவரைக் கோபுரத்தின் மேல் ஏற்றிவிட்டார். அதை நான் தடுக்கவில்லை. நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரும் கேட்காமலே டாங்கிக்கு முன்னால் வந்து நின்று வாசிக்கத் தொடங்கினார்கள். நான் அவர்களுடைய நடைக்கு ஏற்றாற்போல் ஓட்டினேன். அதற்கென்று செய்த வண்டிதான் அது, கொஞ்சமும் சிரமப்படவில்லை. வீதியின் இரண்டு பக்கமும் வீட்டுச் சனம் வெளியே வந்து படம் எடுத்தது. எதிரே வந்த கார்கள் தாமாகவே ஒதுங்கின.

பதினொரு மணியளவில் சைக்கிளில் வந்த பெண் கான்ஸ்டபிள் ஒருவர் கையைக் காட்டினார். உடனே நிறுத்தினேன். அவருடைய பெயர்ப்பட்டியில் ஜதுர்ஷிகா என்று இருந்தது. ஓட்டுநர் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன்.

“அன்ரி, என்ன இது?” என்று அவர் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன், பின்னால் பஸ் ஸ்டியரிங்கில் இருந்த டொலறஸ், “மாப்பிள்ளை!” என்று கத்தினார்.

“லைசென்ஸ் இருக்கோ?”

“பஸ்ஸுக்கு இருக்கு.”

கான்ஸ்டபிள் பஸ்ஸுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார், கோபுரத்தின் மேல் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த வோக்கிடோக்கியில் ஏதோ பேசினார். அதன் பின்னர் சைக்கிளைத் திருப்பி, எங்களுக்கு முன்னால் சந்திவரை உருட்டிக்கொண்டு போய், வாகனங்களை மறித்து வழிவிட்டார். இதை எழுத வேண்டாம் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அவர் செய்தது நல்ல காரியம் என்பதால் எழுதச் சொல்கிறேன்.

பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தை அடைந்தோம். மணப்பெண் கஜந்தினி உள்ளே இருக்க வேண்டியவர், யார் சொல்லியும் கேளாமல் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார். மாப்பிள்ளை மேலே இருந்தபடி கையசைத்தார். மணப்பெண் சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பதினொன்று இருபத்தொன்றுக்குத் தாலி கட்டியாயிற்று. நான் எண்ணெய்க் கையோடு கடைசி வரிசையில் நின்று மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் வலப்பக்க எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மாப்பிள்ளையின் தாயார் தவமணி அம்மா தனியாக வந்தார். முன் தகட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். சந்தனக் கிண்ணம் கையில் இருந்தது. தகட்டில் ஒரு பொட்டு வைத்தார்.

“பிள்ளை, நீர் எந்த இடம்?” என்று கேட்டார்.

“கொக்குவில்.”

“அப்ப உமக்கும் தெரியும்.”

“ஓம்.”

அவர் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, “உள்ளுக்கை ஏறிப் பாக்க ஏலுமோ?” என்று கேட்டார். அவருக்கு அறுபத்தாறு வயது. முழங்காலில் வருத்தம். இளங்கோவன் மேலிருந்து கைகொடுக்க, நானும் டொலறஸும் கீழிருந்து தாங்கி ஏற்றிவிட்டோம். அவர் பட்டுச்சேலையோடு கோபுரத்துக்குள் இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்தார். “எடி, இதுக்குள்ளை மூச்சுவிடவும் இடமில்லை! எங்கடை கோழிக்கூடு இதைவிடப் பெரிசு” என்றார். அப்படியே சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்க, மண்டபத்து வாசலில் நின்ற சனமும் சிரித்தது. “சும்மா நிக்காமல் ஒருக்கால் ஓட்டும் பாப்பம்” என்றார்.

அதன் பின்னர் நான் இடப்பக்க எஞ்சினை மட்டும் இயக்கி, அவரைக் கோபுரத்தில் நிறுத்தி, கார் நிறுத்துமிடத்தை இரண்டு தடவை சுற்றினேன். அது தனியார் நிலம் என்பதால் குற்றமில்லை என்று அதிகாரி இப்போது கூறுகிறார். அன்று நான் அதை யோசிக்கவில்லை. குற்றமென்றிருந்தாலும் ஓட்டியிருப்பேன்.

வீதியில் லைசென்ஸ் இல்லாமல் டாங்கி ஓட்டியதையும், தடைக்கம்பத்தை நசுக்கியதையும் ஒப்புக்கொள்கிறேன். தீர்மானித்ததும் ஓட்டியதும் நான். பீற்றர் ஹாலம், இளங்கோவன், டொலறஸ் ஆகியோர்மீது குற்றமில்லை. இதனால் என் பஸ் லைசென்ஸ் பறிபோகலாம் என்று எனக்கு விளக்கப்பட்டது. இவ்வளவையும் கேட்டபின், இதை எச்சரிக்கையோடு முடிக்கப் பரிந்துரைப்பதாகவும், டாங்கி லைசென்ஸுக்கு நான் முறைப்படி ஓட்டிக் காட்டிப் பரீட்சை எடுத்தால் நல்லது என்றும் அதிகாரி சொன்னார். செப்டெம்பர் பரீட்சைக்கு நேற்றே விண்ணப்பித்துவிட்டேன்.

மேலே உள்ளதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். யாரும் சொல்லித்தராமல், நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். ஒரேயொரு திருத்தம்: கார் நிறுத்துமிடத்தை இரண்டு தடவை சுற்றியதாக எழுதப்பட்டுள்ளது. தவமணி அம்மா இறங்க மாட்டேன் என்றதால் மூன்றாவது தடவையும் சுற்றினேன். அதையும் சேர்த்து உண்மையென உறுதிசெய்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ந. சந்திரவதனா