முகத்தை ஒளித்துக்கொள்ள இடமில்லை

செம்பூரில் லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறிய இருவரும் ஒரே லேபில் வேலை பார்க்கிறவர்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. என் எதிரில் உட்கார்ந்த மூத்தவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“புது மைக்ராஸ்கோப்பு கழுத்துக்கு நல்லதுதான். ஆனா மூஞ்சிய ஒளிச்சுக்கிட எடமில்ல.”

“என்னக்கா சொல்லுதிய?”

“பழசுல குனிஞ்சு கண்ண வச்சா நான் மட்டுந்தான் பாப்பேன். டிபி கிருமி தெரிஞ்சா, நிமிருததுக்குள்ள மூஞ்சிய சரி பண்ணிக்கிடுவேன். இப்ப எல்லாம் டிவி கணக்கா ஸ்கிரீன்ல வருது. இன்னைக்கு ஒரு அம்மா, மவளோட ரிப்போர்ட் கேக்க வந்தவ, எனக்குப் பின்னால நின்னுருக்கா. அவ மவளோட சளியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், அவ நின்னத கவனிக்கல. ‘நீலத்துல செவப்பு செவப்பா கோடு, பாக்க அழகா இருக்கே, அது என்னது’ன்னு கேக்கா.”

“நீங்க என்ன சொன்னிய?”

“டாக்டர் சொல்லுவாருன்னேன். அதுக்குள்ள அவ என் மூஞ்சியப் பாத்துட்டா. அப்படியே தரையில உக்காந்துட்டா.”

ரயில் குர்லாவில் நின்று புறப்பட்டது.

“மருந்து இருக்குல்லாக்கா. கொணமாயிரும்லா,” என்றாள் இளையவள்.

“அதத்தாம்ட்டி சொன்னேன். நானும் பக்கத்துல தரையில உக்காந்து, அவ எந்திரிக்குத வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”