நின்னுட்டே எடுக்கிற ஸ்கேன்

என்னது, நின்னுட்டே எடுக்கணுமா? ஏம்மா, ஸ்கேன்னா எல்லாரையும் படுக்கத்தானே சொல்வாங்க. துணிக்கடையில பதினாறு வருஷம் நின்னு நின்னுதான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன், இங்கயும் நிக்க வைக்கிறீங்களே. படுத்தா ரத்தம் கீழ இறங்குறது தெரியாதா? ம்... சரி, நிக்கிறேன். புடவைய முட்டிக்கு மேல தூக்கினா போதுமா? கதவு தாழ் போட்டிருக்குல்ல?

அய்யோ, என்ன பசை இது, தடவினதும் இப்படி ஜில்லுன்னு இருக்கு.

இருங்க, ஒண்ணு கேக்கணும். இந்த ரிப்போர்ட் யார் கைக்குப் போகும்? டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தானா? நிச்சயமா? இல்ல, எங்க சூப்பர்வைசரே வண்டியில கூட்டிட்டு வந்து வாசல்ல இறக்கி விட்டாரு. பாத்ரூம் போக அஞ்சு நிமிஷம் ஆனா வாட்சைத் தட்டிக் காட்டுற மனுஷன். அவருக்குத் திடீர்னு என் கால் மேல என்ன பாசம்? இவ நிக்க லாயக்கில்லன்னு உங்ககிட்ட எழுதி வாங்கத்தானோ என்னவோ. வெளிய இருக்காரா பாருங்களேன். போயிட்டாரா? போன மாதிரி போயிருப்பாரு.

கெண்டைக்காலை ஏன் இப்படி அமுக்குறீங்க? அந்த உஸ்ஸுன்னு கேக்குறது என் ரத்தமா? கையை எடுத்ததும் திரும்பக் கீழ ஓடுதா? ஓஹோ, மேல ஏறினதைத் திரும்ப விடாத கதவு உள்ள இருக்கா. அது கெட்டுப்போச்சா. உங்க மெஷின் சரியாத்தான் காட்டுதா?

இதைப் பாருங்க, முட்டிக்குப் பின்னாடி, சிலந்தி வலை மாதிரி செவப்பும் நீலமுமா. இதுல ஒண்ணும் ஆபத்து இல்லையா? அடக் கடவுளே, இத்தனை நாளா இதைப் பாத்துத்தான் பயந்தேன். கயிறு மாதிரி பொடைச்சிட்டிருக்கே, அதை நான் கண்டுக்கவே இல்ல.

நரம்புக்குள்ள கம்பி விட்டு, சூடு வச்சு அடைச்சுடுவாங்களாமே. அப்போ அதுல போற ரத்தம் எங்கம்மா போகும்? மத்த நரம்பெல்லாம் பாத்துக்குமா? எங்க கடை மாதிரின்னு சொல்லுங்க. ஒருத்தி லீவு போட்டா அவ கவுண்டரையும் சேர்த்து நான்தான் பாக்கணும்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா இன்னும் சந்தேகமா இருக்கு.

அப்படியே விட்டா என்ன ஆகும்? புண்ணா? தெரியும். கணுக்காலுக்கு உள்பக்கம், தோல் கறுத்து, மாசக்கணக்கா ஆறாம. பாத்திருக்கேன். பக்கத்துக் கவுண்டர்ல ஒருத்தி இருந்தா. என்னை அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. ஆள் இல்லாத நேரமா பாத்துத் துணிக்கட்டு மேல உக்காந்துப்பா. சோம்பேறின்னு நெனச்சேன். அப்போ எனக்கு ஒரு நரம்பும் பொடைக்கலையே. அந்தப் புண்ணையே அவ கடைசி நாள்லதான் காட்டினா. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. போறப்ப என் கையைப் பிடிச்சுட்டு, நான் உக்காருறதை சூப்பர்வைசர்கிட்ட போட்டுக் குடுத்தது யாருக்கா, உனக்குத் தெரியுமான்னு என்கிட்டயே கேக்குறா.

யாரா? நான்தாம்மா, வேற யாரு. இந்தக் கால் முடிஞ்சுதா, திரும்பி நிக்கவா?