பதினோரு பாட்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

காய்ச்சல் நேற்றே விட்டுவிட்டது. இருந்தாலும் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று ஸ்ரீவைகுண்டத்தில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். முன் சீட்டில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெரியவர் மனைவியிடம் சொன்னார்:

“புற்றுநோய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்ட்டி. என்னைய ஒண்ணும் செய்யலல்லா?”

“எதாவது செய்யுததுக்கு முன்னாலயே கண்டுபிடிச்சா பிழைச்சுக்கிடலாம்னுதான் திருநெல்வேலிக்குப் போயி ரத்தம் எடுக்கச் சொல்லுதான் ஒங்க மகன்.”

“டாக்டர் சொன்னதுல பாதியத்தான் கேட்டிருக்க. பிராஸ்டேட்டுல வாரது சிலருக்குப் பைய வளருமாம், சாகுத வரைக்கும் தொந்தரவே பண்ணாதாம். யாருக்கு எப்படின்னு அவருக்கே தெரியாதாம். இருக்குன்னு தெரிஞ்சா நீ சும்மா விடுவியா? ஆபரேஷன்னு நிப்ப.”

“நிப்பேன்.”

“அதுக்குப் பெறவு சிலருக்கு ஒண்ணுக்கு சொட்டிக்கிட்டே இருக்குமாம். அப்படியே கோயிலுக்குள்ள போயி பதிகம் பாட முடியுமாட்டி?”



“வீட்ல பாடுங்க.”

“வீட்ல வாயத் தொறந்தா மிக்சியப் போடுதவ நீ.”

“இனிமே போடல.”

“அப்ப இன்னைக்குச் சாயங்காலம் பாடுதேன். முழுசா உக்காந்து கேட்டியன்னா நாளைக்கு ரத்தம் குடுக்கேன்.”

“எத்தனை பாட்டு?”

“பதினொண்ணு.”

“சரி, ரத்தம் நாளைக்கே குடுங்க” என்று அந்த அம்மாள் எழுந்து நின்று, ஊருக்குத் திரும்பிப் போக அடுத்த பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டார்.