நன்றி சொன்ன பக்கம்

திண்டிவனம் தாண்டியதும், பஸ்ஸில் என் முன் இருக்கைப் பெண் தோழியிடம், "நான் எழுதுன வெப் பக்கம் ஒரு வாரமா பொய் சொல்லிக்கினு இருந்திருக்குடி" என்றாள்.

"என்னா பொய்?"

"ஹாஸ்டல்ல சேர்ற அப்ளிகேஷன் பாரத்துல இனிஷியல் போடாம விட்டா என் புரோகிராம்ல எர்ரர் வரும். அது தெரிஞ்சா எங்க ஆபீஸ் சார் திட்டுவாருன்னு, என்னா ஆனாலும் 'நன்றி, பதிவாயிடுச்சு'ன்னு காட்ட வெச்சிட்டேன். இனிஷியல் போடாத பொண்ணுங்க பேரே லிஸ்டுல ஏறல. அப்ளிகேஷனுக்கு இன்னிக்குக் கடைசி நாளு."

"போன் நம்பராவது இருக்குதா?"

"அவங்க அனுப்புனது அப்படியே சர்வர்ல தனியா நிக்குது. பதினோரு பேரு."

"சாருகிட்ட?"

"விழுப்புரம் எறங்கி நானே சொல்றேன், திட்டட்டும். மொதல்ல பொண்ணுங்களுக்குச் சொல்லி பேர ஏத்தணும்."

என் மகளின் தடுப்பூசிக்கு நேற்று நான் பதிந்த பக்கமும் நன்றி என்றுதான் சொன்னது.

அவள் முதல் எண்ணை அழைத்தாள். "கண்டமங்கலம் பரிமளாங்களா? நீங்க சரியாத்தான் அனுப்புனீங்க. தப்பு என்னோடதுங்க."